18 மாதங்கள், ஒரு பண்ணை வீடு, இறந்த குதிரைகள்... ஜார்ஜ் ஸ்டப்ஸ் குதிரை வரையக் கற்ற கதை!

போனை எடுத்து 'விசில்ஜாக்கெட்' ஓவியம் என்று ஒருமுறை தேடிப் பாருங்க. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் ஒரு செம்பழுப்புக் குதிரை திரையில் வரும். அப்படியே ஜூம் பண்ணுங்க. கழுத்துத் தசை முறுக்கிக்கொண்டு நிற்கும். வயிற்றுப் பக்கம் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய்கூடத் தெரியும். கண்ணில் கொஞ்சம் பயம், கொஞ்சம் திமிர்.

இப்போ ஜூமை விடுவிச்சு முழுப் படத்தையும் பாருங்க. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கும் எஜமானர் இல்லை. வானம், மரம், புல் எதுவுமே இல்லை. பின்னங்கால் குளம்புகளுக்குக் கீழே சின்னதாக நிழல் மட்டும். நம்ம போன் கேமராவில் 'போர்ட்ரெய்ட் மோடு' போட்டு பேக்ரவுண்டை அழிச்ச மாதிரி இருக்கும். ஆனால், இது வரையப்பட்டது 1762 வாக்கில்.

இதன் ஒரிஜினல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரியில் தொங்குகிறது. கிட்டத்தட்ட 10 அடி உயரம், 8 அடி அகலம். அதாவது, குதிரை நிஜ அளவில் உங்க எதிரே நிற்கும். 1997-ல் இந்த ஒரு படத்தை வாங்க அந்த கேலரி கொடுத்த விலை 1 கோடியே 10 லட்சம் பவுண்டு.

வரைந்தவர் பெயர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். வாழ்ந்த காலம் முழுக்க அவரை ஊர் 'குதிரை பெயின்டர்' என்றே சொன்னது. அது பாராட்டு இல்லைங்க. ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

தோல் பட்டறைப் பையன்

1724 ஆகஸ்ட் 25-ல் லிவர்பூலில் பிறந்தார் ஸ்டப்ஸ். அப்பாவுக்குத் தோல் தொழில். பதனிட்ட தோலைத் தேய்த்து, மென்மையாக்கி, சேணத்துக்கும் செருப்புக்கும் ஏற்ற மாதிரி தயார் செய்யும் வேலை. பதினைந்து, பதினாறு வயது வரை மகனும் அந்தப் பட்டறையில்தான் இருந்தார். விலங்குகளின் உடம்பு என்றால் முகம் சுளிக்காத ஒரு மனசு அவருக்கு அங்கேயே வந்திருக்கணும்.

ஆனால், பையனுக்கு ஆசை ஓவியத்தில். அப்பா முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார். 1741-ல் இறந்தும் போனார். அதன்பிறகு ஹேம்லெட் வின்ஸ்டன்லி என்ற ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் ஸ்டப்ஸ். டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் இருந்த பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்துக் காப்பி எடுப்பதுதான் வேலை. அந்தக் காலத்தில் ஓவியம் கற்பது என்றால் அதுதான். எந்தப் படத்தைக் காப்பி எடுப்பது என்பதில் இருவருக்கும் தகராறு. சில வாரங்களிலேயே ஸ்டப்ஸ் வெளியே வந்துவிட்டார். இனி யார் வரைந்ததையும் பார்த்து வரையப்போவதில்லை, இயற்கையை நேரடியாகப் பார்த்துத்தான் வரைவேன் என்று முடிவெடுத்தார்.

பதின்ம வயதில் கோபத்தில் எடுக்கும் முடிவுகளை நாம எத்தனை நாள் காப்பாத்துவோம்? இவர் சாகும் வரை காப்பாற்றினார்.

வயிற்றுப்பாட்டுக்கு வடக்கு இங்கிலாந்து ஊர்களில் ஆட்களின் முகங்களை வரைந்தார். யார்க் நகரத்தில் இருந்தபோது அங்கிருந்த மருத்துவமனையில் உடற்கூறு கற்றார். மனித உடல்களை அறுத்துப் பார்த்து, மாணவர்களுக்குப் பாடமே நடத்தும் அளவுக்கு வந்துவிட்டார். டாக்டர் ஜான் பர்ட்டன் எழுதிய பிரசவ மருத்துவப் புத்தகத்துக்குப் படம் போட இவரைக் கூப்பிட்டார்கள். புத்தகம் வெளியானது 1751-ல்.

ஒரே ஒரு சிக்கல். படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித்தான் அச்சடிக்க முடியும். ஸ்டப்ஸுக்கு அந்த வேலை தெரியாது. ஒருவரிடம் அடிப்படையை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரு செப்புக் காசின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, குச்சியில் துணி தைக்கும் ஊசியைச் செருகி, அதால் கீறிக் கீறிப் பழகினாராம். அந்தக் கால யூடியூப் டுடோரியல் அவ்ளோதான். புத்தகத்தின் படங்களில் அவர் தன் பெயரைப் போடவில்லை. ஆனால், அந்த ஊசி வேலை பின்னால் அவர் வாழ்க்கையையே காப்பாற்றியது.

1754-ல் ரோம் போனார். ஓவியர்கள் எல்லாரும் பழைய சிலைகளையும் ஓவியங்களையும் கற்க அங்கே போவார்கள். இவர் போன காரணம் விசித்திரமானது. கலையைவிட இயற்கைதான் உயர்ந்தது என்று தான் நினைப்பது சரிதானா என்று பார்க்கப் போனார். சரி என்று பட்டது, திரும்பி வந்துவிட்டார்.

கொக்கிகளில் தொங்கிய குதிரைகள்

இனி வருவதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறீங்கன்னா, கொஞ்சம் நிறுத்திக்கோங்க.

1756-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தார் ஸ்டப்ஸ். வயது 32. குதிரையின் உடம்பை எலும்பு வரை தெரிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். குதிரை உடற்கூறுக்கு அப்போது இருந்த சிறந்த புத்தகம் இத்தாலிக்காரர் கார்லோ ருயினி எழுதியது. அது வந்தே 150 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதிலிருந்த படங்களைத்தான் மற்றவர்கள் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காப்பி என்றால் நம்ம ஆளுக்குப் பிடிக்காதே!

குதிரையை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருவார். கழுத்து ரத்தக்குழாயைத் திறந்து ரத்தம் வடியவிட்டுக் கொல்வார். பிறகு, ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகாமல் இருக்க அவற்றுக்குள் உருக்கிய மெழுகு போன்ற பொருளைச் செலுத்துவார். விட்டத்தில் ஓர் இரும்புக் கம்பி. அதிலிருந்து கொக்கிகள். அந்தக் கொக்கிகளைக் குதிரையின் விலா எலும்புகளுக்கு இடையே மாட்டி, குளம்புகள் ஒரு பலகையில் பதியும்படி, நடந்துபோவது போன்ற நிலையில் தொங்கவிடுவார். முதலில் தோலை உரிப்பது. பிறகு தசையை ஒவ்வொரு அடுக்காக நீக்குவது. ஒவ்வொரு அடுக்கையும் அளந்து, வரைந்து, குறிப்பெழுதுவது. கடைசியில் எலும்புக்கூடு.

ஒரு குதிரை அதிகபட்சம் 11 வாரம் வரை தொங்கியிருக்கிறது. குளிர்பதன வசதி இல்லாத காலம். அந்த வீட்டின் நாற்றத்தை நினைச்சுப் பாருங்க. இப்படி சுமார் 18 மாதங்கள், ஒரு குதிரை முடிந்தால் இன்னொன்று.

இதில் அவர் தனியாள் இல்லை. கூடவே இருந்தவர் மேரி ஸ்பென்சர். ஸ்டப்ஸின் வாழ்க்கைத் துணை. முறைப்படி திருமணம் செய்துகொண்டதாகப் பதிவு எதுவும் இல்லை, ஆனால் அரை நூற்றாண்டு சேர்ந்தே வாழ்ந்தார்கள். அந்த வீட்டில், அந்த நாற்றத்தில், அந்தப் பிணங்களுக்கு நடுவில் 18 மாதம் உதவியாளராக இருந்தார் மேரி. ஸ்டப்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் ரெண்டு வரியில் இவரைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் அதிகம் தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பது இவரைப் பற்றித்தான்.

குதிரைகளை இப்படிக் கொன்றது சரியா என்று இன்றைக்கு நமக்குக் கேள்வி வரும். வரணும். ஆனால், அந்தக் காலத்தில் வண்டியிலும் வயலிலும் உழைத்துக் களைத்த குதிரைகளின் முடிவு பொதுவாக இறைச்சிக் கொட்டகைதான். அங்கே யாரும் அவற்றை அளந்து, வரைந்து வைக்கவில்லை.

வரைந்த படங்களோடு லண்டன் வந்தார். செதுக்கித் தர வேண்டும் என்று கேட்டபோது, பிரபலமான செதுக்குக் கலைஞர்கள் மறுத்துவிட்டார்கள். கழன்று கிடக்கும் காதையும் மூக்கையும் செதுக்குவது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கலாம். அங்கேதான் அந்தப் பழைய ஊசி வேலை கைகொடுத்தது. பகலில் பணம் தரும் ஓவியங்கள், அதிகாலையிலும் ராத்திரியிலும் செப்புத் தகடு. இப்படியே ஆறேழு வருஷம். 1766-ல் 'குதிரையின் உடற்கூறு' 18 பெரிய படப் பலகைகளோடு வெளியானது. ஐரோப்பா முழுக்க மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் அசந்துபோனார்கள்.

பிரபுக்கள் வரிசை கட்டினார்கள்

புத்தகம் வருவதற்கு முன்பே அந்தப் படங்களைப் பார்த்த பிரபுக்கள் அசந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் குதிரைப் பந்தய ஜுரம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அரேபியக் குதிரைகளை இறக்குமதி செய்து, உள்ளூர்க் குதிரைகளோடு இனம் சேர்த்து, 'தரோபிரெட்' என்ற பந்தயக் குதிரை இனமே உருவாகிக்கொண்டிருந்தது. பணக்காரர்களுக்குத் தங்கள் குதிரை மேல் அவ்வளவு பெருமை. அதுவரை வந்த குதிரைப் படங்களில் எல்லாக் குதிரையும் ஒரே மாதிரி, மர பொம்மை மாதிரி இருக்கும். ஸ்டப்ஸ் வரைந்தால் அது அவருடைய குதிரை, வேறு யாருடையதும் இல்லை.

ராக்கிங்ஹாம் பிரபு அப்படி வந்தவர்தான். பின்னாளில் இரண்டு முறை இங்கிலாந்துப் பிரதமரானவர். அவருடைய குதிரைதான் விசில்ஜாக்கெட். 1759-ல் யார்க்கில், 2,000 கினி பந்தயத்தில் ஜெயித்த குதிரை. கினி என்பது ஒரு பவுண்டைவிடக் கொஞ்சம் அதிகம். முரட்டுக் குதிரை என்று பெயர் வேறு. லாயத்து வெளியில் சாய்த்து வைத்திருந்த தன் ஓவியத்தையே வேறொரு குதிரை என்று நினைத்து அது பாய, ஸ்டப்ஸ் கையில் இருந்த தட்டாலும் கோலாலும் அடித்து விரட்டினார் என்று ஒரு கதை உண்டு. ஸ்டப்ஸ் சொல்லக் கேட்டு அவர் வாழ்க்கையை எழுதிவைத்த சக ஓவியர் ஓசியாஸ் ஹம்ஃப்ரியின் குறிப்பில் இருக்கிறது. நிஜமோ, ஓவியரின் செல்லப் பெருமையோ, கேட்க நல்லாத்தான் இருக்கு.

இவ்வளவு துல்லியமான மனிதர் ஓர் இடத்தில் சறுக்கினார். பாயும் குதிரையை வரையும்போது மற்ற எல்லாரையும் போல நாலு காலையும் முன்னும் பின்னும் விரித்து, ஆடுகுதிரை பொம்மை மாதிரி பறக்கவிட்டார். ஓடும் குதிரையின் கால் எப்படிப் போகிறது என்பதை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது. 1878-ல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாக கேமராக்களை வைத்துப் படம் எடுத்த பிறகுதான், நாலு காலும் தரையைத் தொடாத நொடியில் அவை வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. இறந்த குதிரையிடம் ஸ்டப்ஸ் கேட்காத கேள்வி இல்லை. ஆனால், இதற்கு அதனால் பதில் சொல்ல முடியாதே.

மெட்ராஸிலிருந்து போன சிவிங்கிப்புலி

இந்தக் கதையில் நம்ம ஊரும் வருகிறது. 1763 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் பிகாட். ஊர் திரும்பியவர், மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாக ஒரு சிவிங்கிப்புலியைக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள இந்தியர்கள் இருவரும் போனார்கள்.

1764 ஜூன் மாதம், விண்ட்சர் பூங்காவில் அந்தச் சிவிங்கிப்புலியை ஒரு கலைமான் மேல் ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இந்திய அரசர்கள் வேட்டையாடுவது போலவே. ஆனால், மான் கொம்பைக் காட்டி எதிர்த்து நின்றுவிட்டது. சிவிங்கிப்புலி பின்வாங்கி, வேலியைத் தாண்டி ஓடி, வேறொரு மானை அடித்துவிட்டது.

ஸ்டப்ஸ் இதைப் பெரிய ஓவியமாக வரைந்தார். படத்தில் அந்தத் தோல்வி இல்லை, அதற்கு முந்தைய நொடிதான் இருக்கிறது. வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இரண்டு பேர். ஒருவர் சிவிங்கிப்புலியின் கண்ணை மூடியிருந்த சிவப்பு முகமூடியைப் பின்னால் தள்ளி, இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் மானைக் காட்டுகிறார். அந்தக் கால ஆங்கிலேய ஓவியங்களில் இந்தியர்கள் பெரும்பாலும் ஓரமாக, எஜமானுக்குப் பின்னால் நிற்பார்கள். இங்கே எஜமானே இல்லை. படத்தின் நடுவில் வேலை தெரிந்த இரண்டு பேர், தங்கள் வேலையில். மான்செஸ்டர் ஆர்ட் கேலரியில் இருக்கும் இந்தப் படத்தையும் தேடிப் பாருங்க. இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது 1952-ல்.

குதிரை மட்டுமில்லை, ராணி சார்லட்டின் வரிக்குதிரை, காண்டாமிருகம், மூஸ் மான் என எது லண்டனுக்கு வந்து இறங்கினாலும் ஸ்டப்ஸைத்தான் கூப்பிட்டார்கள். கேப்டன் குக்கின் கப்பலில் வந்த கங்காருவின் தோலை வைத்து 1772-ல் அவர் வரைந்ததுதான் ஐரோப்பா பார்த்த முதல் கங்காரு ஓவியம். பார்க்காமல் வரையமாட்டேன் என்றவருக்கு, பார்க்கக் கிடைத்தது வெறும் தோல்!

'குதிரை பெயின்டர்'

1768-ல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கியது. அந்தக் காலத்து ஓவிய உலகில் சாதி மாதிரி ஒரு படிநிலை இருந்தது. புராணமும் சரித்திரமும் வரைந்தால் உச்சி. அடுத்து மனித முகங்கள். பிறகு இயற்கைக் காட்சி. விலங்கு வரைபவர் கீழே. நீங்கள் உடற்கூற்றில் ஐரோப்பாவையே அசத்தியிருந்தாலும் சரி, குதிரை வரைந்தால் குதிரைக்காரர்தான்.

ஸ்டப்ஸ் அதை உடைக்கப் பார்த்தார். குதிரையைச் சிங்கம் தாக்கும் படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பீங்கான் தொழிலதிபர் ஜோசயா வெட்ஜ்வுட்டைப் பிடித்து, பெரிய பீங்கான் பலகைகளில் எனாமல் வண்ணத்தால் வரைந்து, சூளையில் சுட்டெடுக்கும் சோதனைகளில் வருஷக்கணக்காக இறங்கினார். நிறம் என்றைக்கும் மங்காது என்பது கணக்கு. அவற்றை வாங்கத்தான் ஆள் இல்லை.

1781-ல் அகாடமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருஷக் கண்காட்சியில் அவருடைய எனாமல் படங்களை மாட்டிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. உறுப்பினராக வேண்டுமானால் விதிப்படி ஒரு படத்தை அகாடமிக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்தார். உறுப்பினர் பதவி போயிற்று. அடம்தான். ஆனால், வின்ஸ்டன்லியிடமிருந்து வெளியேறிய அதே பையனின் அடம்.

ஒரு வேடிக்கை, ஹார்க்ஸ்டோவில் வரைந்த குதிரைப் படங்களில் எஞ்சிய 42 படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது இன்று அதே ராயல் அகாடமிதான்.

ஒரு குதிரையின் களைப்பு

1799 மார்ச் 25. நியூமார்க்கெட் மைதானம். ஹேம்பிள்டோனியன், டயமண்ட் என்ற இரண்டு குதிரைகளுக்கு நேருக்கு நேர் போட்டி. பந்தயம் 3,000 கினி. நாலு மைலுக்கு மேல் ஓட்டம். கடைசி வரை சவுக்கும் குதிமுள்ளும் இரண்டு குதிரைகளையும் கிழித்தன. அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஹேம்பிள்டோனியன் ஜெயித்தது.

குதிரைக்குச் சொந்தக்காரரான ஹென்றி வேன்-டெம்பஸ்ட் வெற்றியைக் கொண்டாட ஸ்டப்ஸிடம் படம் கேட்டார். ஸ்டப்ஸுக்கு அப்போது 75 வயது. 12 அடி அகலத்தில் ஒரு படம் வந்தது. அதில் பந்தயம் இல்லை, கோப்பை இல்லை, கூட்டம் இல்லை. ஓடி முடித்த குதிரையை உடம்பு துடைத்துவிடும் நேரம். வாய் திறந்திருக்கிறது, காது பின்னால் மடங்கியிருக்கிறது. ஒரே பக்கத்துக் கால்களில் மட்டும் நிற்கிற மாதிரி ஒரு தள்ளாட்டம். நிஜத்தில் அப்படி நின்றால் விழுந்துவிடும். குதிரையின் ஒவ்வொரு தசையையும் அறிந்தவர் தெரிந்தேதான் அப்படி வரைந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பயிற்சியாளர், துணியோடு ஒரு லாயப் பையன். இருவரும் நம்மையே முறைத்துப் பார்க்கிறார்கள். ஜெயித்தது யாருக்காக என்று கேட்கிற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை.

வேன்-டெம்பஸ்ட் பணம் தர மறுத்தார். 300 கினி. ஸ்டப்ஸ் விடவில்லை, வழக்கு போட்டார், ஜெயித்தார். அந்தப் படம் இப்போது வட அயர்லாந்தின் மவுன்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் இருக்கிறது. என்னைக் கேட்டால், விசில்ஜாக்கெட்டைவிட ஒரு படி மேலே இதைத்தான் வைப்பேன்.

இதே நேரத்தில் இன்னொரு வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. 1795-ல், 71 வயதில், மனிதன், புலி, கோழி மூன்றின் உடம்பையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் போடத் தொடங்கியிருந்தார். திரும்பவும் கத்தி, திரும்பவும் பிணங்கள். மனித உடலைப் புலி மாதிரி நாலு காலில் தவழவிட்டு வரைந்தார். மூன்றும் வெளியே எவ்வளவு வேறு, உள்ளே எவ்வளவு ஒன்று என்று பார்க்கத்தான். டார்வின் பிறக்கவே இன்னும் 14 வருஷம் இருந்தது.

அந்தப் புத்தகம் முடியவில்லை. 1806 ஜூலை 10 காலையில், 81 வயதில், லண்டன் வீட்டில் இறந்தார் ஸ்டப்ஸ். முந்தைய நாள்கூட பல மைல் நடந்தவர். அந்தக் கடைசி நேரத்திலும் அவருக்கு இருந்த வருத்தம், ஒப்பீட்டு வேலை பாதியில் நிற்கிறதே என்பதுதான். மேரி ஸ்பென்சர் பக்கத்தில் இருந்தார்.

சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை, கடன் இருந்தது. மறு வருஷம் படங்கள் ஏலத்துக்குப் போயின. 2011-ல் லண்டன் ஏலத்தில், 'கிம்கிராக்' என்ற பந்தயக் குதிரையை அவர் வரைந்த ஒரே ஒரு படம் 2 கோடியே 24 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.

புலி, கோழி, மனிதன் வரைபடங்கள் கை மாறி, கடல் தாண்டி, எங்கே என்றே தெரியாமல் போய்விட்டன. 1957-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வூஸ்டர் நகரப் பொது நூலகத்தில் அவை இருப்பது தெரியவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன. அவர்கள் இணையதளத்திலும் பார்க்கலாம். நாலு காலில் தவழும் அந்த மனிதனை மட்டும் தவறவிடாதீங்க.